மண் இல்லாத உளுந்து

1

போன வாரம் இந்த நாட்டு அரசாங்கத்திடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. அவளுடைய பாராட்டுச் சீட்டும் நீச்சல் வகுப்பு அட்டவணையும் ஒட்டுகிற இடத்தில் இது எப்படி வந்தது என்று அவளுக்குக் குழப்பம். "அம்மா, இது உன்னைத் திட்டின லெட்டர்மா. இதைப் போயி ஒட்டியிருக்கே?" என்றாள். அவள் கேட்டது முக்கால்வாசி இங்கிலீஷில். உங்களுக்காக நான் தமிழாக்கியிருக்கிறேன்.

திட்டின கடிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை ஏன் ஒட்டினேன் என்று சொல்ல வேண்டுமென்றால் போன வருஷம் வந்த ஒரு பொட்டலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் மெல்போர்னுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் கணவர் மகேந்திரன் கம்ப்யூட்டர் வேலைக்காக வந்தார், நான் அவரோடு வந்தேன். எனக்கு ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுத் தண்ணீர் பாய்கிற ஒரு கிராமம். அப்பா கலியபெருமாளுக்கு அங்கே ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். எங்கள் குடும்பத்தில் சொந்தப் பெயரில் நிலம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அவருடைய அப்பா அதே வயலில் கூலிக்கு அறுத்தவர். அதனால் எங்கள் வீட்டில் யாரும் அதை "வயல்" என்று சும்மா சொல்ல மாட்டோம், "நம்ம வயல்" என்றுதான் சொல்வோம்.

அந்த நம்ம வயலிலிருந்து வருஷா வருஷம் வைகாசி மாதம் எனக்கு ஒரு பொட்டலம் கருப்பு உளுந்து வரும். டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நெல் நிற்கும்போதே, ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். அறுக்கிறவர்கள் உளுந்து முளையை மிதித்துக்கொண்டுதான் அறுப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பயிருக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் தை, மாசிப் பனியும்தான் அதற்குச் சாப்பாடு. பங்குனியில் வேரோடு பிடுங்கி, காயவைத்துக் களத்தில் அடிப்பார்கள். வேரோடு மண்ணும் வரும். அம்மா எத்தனை தடவை புடைத்தாலும், உளுந்து அளவே இருக்கிற மண் உருண்டை நாலைந்து தப்பித்துவிடும். கூடவே சின்ன நத்தைக் கூடு ஒன்றிரண்டு இருக்கும்.

இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார்கள், அடுத்த நாட்டு மண்ணைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். தபாலில் வருகிற சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். முழு உளுந்து முளைத்துவிடும் என்று பயப்படுவார்கள் என்பதால் உடைத்து அனுப்பச் சொன்னேன். உடைத்து வந்தது. மண்ணும் வந்தது. மூன்று வருஷம் கடிதம் வந்தது: உங்கள் பொட்டலத்தில் மண் இருக்கிறது, திருப்பி அனுப்பவா, உங்கள் செலவில் சுத்தப்படுத்தவா, அழித்துவிடவா என்று மூன்று கட்டம் போட்டு. ஒவ்வொரு தடவையும் அம்மாவை போனில் பிடித்து உலுக்கினேன்.

"ஒரு படி உளுந்தைச் சலிச்சு அனுப்ப முடியாதாம்மா உன்னால? இங்க என்னைய என்னமோ கடத்தல்காரி மாதிரி பாக்குறாங்க."

"சலிச்சுதான்டி அனுப்பினேன். மண்ணு இல்லாம உளுந்து எங்கேர்ந்து வரும்?" என்பாள் அம்மா.

2

நான் சொல்ல வந்த பொட்டலத்துக்கு முந்தின வருஷம் எங்களுக்குக் கெட்ட வருஷம். ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போன என் கணவர் பதினொரு மணிக்கு ஓர் அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தார். பெட்டியில் காபிக் கோப்பை, நிலா வரைந்த படம், ஒரு குடை. அவரோடு இன்னும் பல பேரை அனுப்பிவிட்டார்களாம். "ரெண்டு மாசத்துல வேற கிடைச்சிரும்" என்றார். ரெண்டு மாதம் ஆறானது, ஆறு பத்தானது. அவர் அனுப்பாத விண்ணப்பம் இல்லை. பதில் எழுதினவர்கள் எல்லோரும் மிக மரியாதையாக இல்லை என்று எழுதினார்கள்.

நான் வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற ஒரு பெரிய சலவைக்கூடம். மன்னார்குடியில் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள் இங்கே விரிப்புகளை எண்ணி மடித்தேன். முதல் நாள் மேற்பார்வைக்காரி என்னைக் கடந்து போகும்போது, "யூ ரைட்?" என்று கேட்டாள். உதவி ஏதும் வேண்டுமா என்று அர்த்தமாம். என்மேல் ஏதோ சந்தேகப்படுகிறாள் என்று நினைத்து, நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அவளுக்கு விளக்கம் கொடுத்தேன். பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த வியட்நாம்காரி ஹோவா சிரித்ததில் விரிப்பைக் கீழே போட்டுவிட்டாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

இதில் ஒரு வார்த்தை ஊருக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கு மாப்பிள்ளை என்றால் கொள்ளைப் பெருமை. மேட்டூர் திறக்காத வருஷம் அது, குறுவை போச்சு என்று இன்டர்நெட்டில் பத்திரிகை படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நாமும் போய் நம் கஷ்டத்தைக் கொட்டுவதா என்று நினைத்தேன். அதனால் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் கார்டைச் சுரண்டி, நம்பர் அடித்து, "நல்லா இருக்கோம்பா, அவரு வேலைதான் ஜாஸ்தி" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அப்பாவும் நல்லபடியாகத்தான் சொன்னார். ஐப்பசி வாக்கில் அவர் கையில் புதிதாக ஒரு செல்போன் வந்திருந்தது. எந்நேரமும் வயலிலேயே கிடப்பதால் வாங்கினேன் என்றார். எங்கள் அப்பா செல்போன் வைத்திருக்கிறார் என்று ஹோவாவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். அம்மாவிடம் வீட்டு போனில் பேசிவிட்டு அப்பாவைச் செல்லில் கூப்பிடுவேன். கார்டில் மிச்சம் இருப்பதை நிலா தாத்தாவோடு பேசித் தீர்ப்பாள்.

"என்னப்பா சத்தம்?"

"பக்கத்து போர்செட்டும்மா. ஆத்துத் தண்ணி இல்லேன்னா என்ன, அவன்கிட்ட தண்ணி வாங்கி சம்பாவை நட்டாச்சு. பயிரு பரவால்ல."

பின்னால் மோட்டார் ஹோவென்று ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும். ஒரு பக்கம் நாங்கள் மூழ்கினாலும் இன்னொரு பக்கம் நம்ம வயல் பச்சையாக நிற்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொள்வேன்.

3

வைகாசியில் பொட்டலம் வந்தது. கடிதம் வரவில்லை, பொட்டலமே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய பச்சை நாடா, உள்ளே அச்சடித்த ஒரு சீட்டு: சோதனை செய்யப்பட்டது, ஆட்சேபம் இல்லை. அடியில் ஒரு புண்ணியவான் பேனாவால் "மிகச் சுத்தம்" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் வரைந்திருந்தான்.

"பாத்தீங்களா, அம்மா கடைசியில சலிக்கக் கத்துக்கிட்டா" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே தாம்பாளத்தில் கொட்டினேன்.

கொட்டின கை அப்படியே நின்றது.

மண் இல்லாதது பெரிதில்லை. சலித்திருக்கலாம். ஆனால் நம்ம வயல் உளுந்து ஒன்றுபோல் இருக்காது. கடைசிப் பனியில் நனைந்து வெளுத்தது கொஞ்சம், முற்றாத பிஞ்சு கொஞ்சம், திருகையில் உடையாமல் முழுசாகத் தப்பித்தது கொஞ்சம் என்று கலந்துதான் இருக்கும். இது ஒரே அளவு, ஒரே நிறம். மெஷினில் உடைத்து, மெஷினில் பிரித்தது. மோந்து பார்த்தேன், வைக்கோல் வாசனை இல்லை. கையால் கிளறியபோது அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு துண்டு நைலான் நூல் வந்தது. கடையில் மூட்டை வாயைத் தைத்திருக்கிற நூல். பொட்டலத்தின் மேலே அம்மா, "நம்ம வயல் உளுந்து" என்று எழுதியிருந்தாள்.

உளுந்தைக் கடையில் வாங்கி அனுப்பியிருக்கிறாள் என்றால் வயலில் உளுந்து இல்லை. உளுந்து இல்லை என்றால் சம்பா இல்லை, ஏனென்றால் சம்பா நிற்காமல் உளுந்து தெளிக்க முடியாது. சம்பா இல்லை என்றால் ஏழெட்டு மாதமாக என் காதில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் எது?

"ஏங்க, எங்க ஊருல என்னமோ நடந்திருக்கு" என்றேன். என் கணவர் தாம்பாளத்தைப் பார்த்தார். அவர் தஞ்சாவூர் டவுன்காரர், அவருக்கு அது நல்ல உளுந்தாகத்தான் தெரிந்தது. "சுத்தமா இருக்குன்னு அழறியா?" என்று பாவம், நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

4

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அப்போதே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"உளுந்து வந்துச்சும்மா."

"வந்துருச்சா? மண்ணு இல்லல்ல?"

"மண்ணு இல்ல. எந்தக் கடைல வாங்கினே?"

போன் கார்டு காசைத் தின்றுகொண்டிருந்தது, நானும் விடவில்லை. கடைசியில் அம்மா, "மன்னார்குடியிலதான்" என்றாள். அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது.

சம்பா நடவே இல்லை. போர்செட்டுக்காரனுக்கே தண்ணீர் கீழே போய்விட்டது. விதைத்த நாற்றங்கால் காய்ந்து, ஆடு மேய்ந்துவிட்டது. வயலில் கால் விரல் போகிற அளவு வெடிப்பு. மனைக்காக நிலத்தைக் கேட்டு ஒரு தரகர் இரண்டு தடவை வந்து போனார். ஊரில் நாலைந்து பேர் கொடுத்தும்விட்டார்கள். அப்பா கொடுக்கவில்லை.

"அப்ப எப்படிம்மா சாப்பிடுறீங்க?"

"உங்கப்பா திருப்பூர்ல இருக்காருடி. ஐப்பசியிலயே போயிட்டாரு. பனியன் கம்பெனில வாட்ச்மேன்."

அறுபத்தொரு வயது. ரயில் ஏறினால் ஜன்னல் ஓரம் கேட்டுச் சண்டை போடுகிற மனிதர். அடுத்தவன் வயலில் இனி கை வைப்பதில்லை என்று சொல்லி, பத்திரம் பதிந்த அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் புதுத் துணி எடுத்துக் கொடுத்த மனிதர். அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு யாரோ ஒருவர் கம்பெனிக் கேட்டில் நிற்கிறாரா?

"முதலாளி வண்டி வந்தா சல்யூட் அடிக்கணுமாம்" என்றாள் அம்மா. "அதைத்தான் என்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. நான் சிரிக்கல."

"எப்ப வருவாராம்?"

"தண்ணி வந்தா வருவாரு. ஆவணிக்குள்ள வரலேன்னா தரகரைக் கூப்பிடுன்னு சொல்லிட்டாரு. அவரால அதுக்கு மேல அங்க நிக்க முடியலடி. காலு வீங்குது."

போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். யாரையாவது திட்டினால் தேவலை போலிருந்தது. அப்பாவைத் திட்டினேன், அம்மாவைத் திட்டினேன், சிரிக்கிற முகம் வரைந்த அந்த அதிகாரியையும் விடவில்லை.

5

அன்று இரண்டு மணி நேரம் எதுவும் செய்யாமல் அப்பா பேசின பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எது பொய், எது நிஜம் என்று பிரிக்க வேண்டும் போல ஒரு வெறி.

பயிர் பரவாயில்லை என்றது பொய். போர்செட் பொய், அது கம்பெனி ஜெனரேட்டர். வயலில் நிற்கிறேன் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னது பொய்.

ஆனால் அவர் வேறு விஷயங்களும் சொல்லியிருந்தார். "வேப்பமரத்து நிழல்ல உக்காந்திருக்கேன், நல்ல காத்து வருது" என்றார் ஒரு வாரம். நான் எங்கள் வாய்க்கால் வேப்பமரத்தை நினைத்துக்கொண்டேன். "ஒரு பூனை ரெண்டு குட்டியைக் கவ்விட்டு வந்து கொட்டகையில எங்கிட்ட விட்டுட்டுப் போவுது, என்னைய நம்பி" என்று இன்னொரு வாரம். "இன்னிக்கு ஒரு அம்மா அவங்க டிபன்லேர்ந்து எனக்கு எலுமிச்சஞ்சோறு குடுத்தாங்க, உங்கம்மா கைப்பக்குவம் மாதிரியே இருந்துச்சு" என்று ஒரு வாரம். யார் அந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. வயலுக்கு வந்த களையெடுக்கிற பெண் என்று நானே வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். "காலையில துணி மடிச்சேன்பா, டிரையர்லேர்ந்து சூடா வந்துச்சு, இந்தக் குளிருக்குக் கையை உள்ள விட்டா சொர்க்கம்" என்று சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரி விரிப்பு என்பதைச் சொல்லவில்லை. ஹோவா தன் தோட்டத்து ஆரஞ்சைப் பாதி உரித்துக் கொடுத்ததைப் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்ததாகச் சொல்லியிருந்தேன். என் கணவருக்கு முதல் தடவையாகத் தோசை வட்டமாக வந்ததைச் சொல்லியிருந்தேன். வேலையில்லாத மனிதர் அதற்கு எத்தனை மாதம் பழகினார் என்பதைச் சொல்லவில்லை.

பெரிய விஷயத்தில் எல்லாம் இரண்டு பேரும் பொய் சொன்னதால், பேசுவதற்கு நிஜமாக மிஞ்சியது சின்ன விஷயம்தான். காற்று, பூனை, சூடான துணி, வட்டத் தோசை. மற்ற வருஷங்களில் நாங்கள் இதையெல்லாம் பேசினதே இல்லை. விலைவாசி, விசா, யாருக்குக் கல்யாணம் என்றே கார்டு தீர்ந்துவிடும். அந்த வருஷத்தில்தான் என் அப்பாவுக்குப் பூனை பிடிக்கும் என்பதே எனக்குத் தெரிந்தது.

இருந்தாலும் கோபம் தணியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, வாரத்து நடுவுல?"

"எங்கப்பா இருக்கீங்க?"

"வயல்லதான்."

"எந்த வயல்லப்பா?"

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா சொல்லிட்டாளா?"

"உளுந்து சொல்லிச்சு. கடை உளுந்து."

"நான் அப்பவே சொன்னேன் அவகிட்ட, வசந்தி கண்டுபிடிச்சிருவா, வேணாம்னு" என்றார். குரலில் மாட்டிக்கொண்ட கூச்சம்கூட இல்லை, ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்? இந்த வயசுல போயி கேட்டுல நிப்பீங்களா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டேனா?"

"எதுலேர்ந்தும்மா அனுப்புவே?" என்று கேட்டார் அப்பா.

அவரே தொடர்ந்து சொன்னார்.

"பாப்பா சொன்னிச்சு, ஐப்பசியிலயே. தினம் அப்பாதான் ஸ்கூல்ல விடுறாரு, அப்பாதான் கூட்டியாறாரு, வந்ததும் அப்பா தோசை சுட்டுக் குடுக்குறாரு, அம்மா சாயங்காலம் வரும்னு. வேலைக்குப் போற மனுஷன் மூணு மணிக்கு ஏம்மா தோசை சுடுறாரு? எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ கேட்டா சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, புள்ள நம்மள வருத்தப்படுத்தக் கூடாதுன்னு மறைக்குது, நாமளும் அதைப் போட்டுப் புடுங்க வேணாம்னு இருந்துட்டேன். நெலத்தை விக்கவும் மனசு வரல. உங்கிட்ட கேக்கவும் கூடாது. அதான் கிளம்பி வந்துட்டேன்."

எட்டு மாதமாக நான் எவ்வளவு சாமர்த்தியமாக நடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ, அத்தனையும் தெரிந்துகொண்டே, "மாப்பிள்ளை வேலை எப்படிம்மா போவுது?" என்று வாரா வாரம் கேட்டிருக்கிறார். அரைகுறைத் தமிழ் என்று நான் கவலைப்படுகிற நிலா, அந்த அரைகுறைத் தமிழில் வீட்டு நிலவரம் முழுவதையும் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"காலு வீங்குதாமே" என்றேன் கடைசியில்.

"வீங்கும், எறங்கும். நீ என்ன வேலை பாக்குறே?"

சொன்னேன். விரிப்பு, சலவைக்கூடம், ஹோவா எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் "யூ ரைட்?" கதையையும் சொன்னேன். அப்பா அந்தக் கேட்டில் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தார்.

"அந்தச் சூட்டுத் துணி நெசந்தானா?" என்று கேட்டார்.

"நெசந்தான்பா. உங்க பூனை?"

"இந்தா, காலுக்குக் கீழதான் படுத்திருக்கு" என்றார்.

இனிமேல் ஒருத்தருக்கொருத்தர் மறைக்கக் கூடாது என்று பேசி முடித்தோம். நம்பத்தான் முடியவில்லை. இரண்டு பேரும் எவ்வளவு நன்றாகப் பொய் சொல்வோம் என்பது இப்போது இரண்டு பேருக்கும் தெரியும்.

6

ஆடி போனது. ஆவணி பிறந்து இரண்டு வாரம் ஆனது. தினமும் வேலைக்குப் போகும் முன் இன்டர்நெட்டில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்தேன். என் கணவரும் பார்த்தார். வேலை விளம்பரம் தேடுகிற அதே நாற்காலியில் உட்கார்ந்து, "ரெண்டு அடி ஏறியிருக்கு" என்று பரீட்சை முடிவு சொல்கிற மாதிரி சொல்வார். ஹோவாகூட, "அப்பா தண்ணீர் எப்படி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆவணி கடைசியில் அப்பாவே போன் செய்தார். "தண்ணி வந்துருச்சும்மா. வீட்டுக்கு வந்துட்டேன். இந்தா கேளு" என்று செல்போனைப் பிடித்தார். சலசலவென்று ஏதோ கேட்டது.

மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுத ஆசை. எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஜெனரேட்டரை போர்செட் என்று நம்பினவள் நான். திருப்பூரில் குழாயைத் திறந்துவிட்டாலும் சலசல என்றுதான் கேட்கும். அம்மாவும், "நாத்து விட்டாச்சு, நடவு முடிஞ்சுது, கதிரு வந்துருச்சு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள்தான் கடை உளுந்தில் நம்ம வயல் என்று எழுதினவள். ஊருக்குப் போய்ப் பார்க்கிற நிலையில் நாங்கள் இல்லை. அதற்குள் என் கணவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. பழையதைவிடச் சின்னது, தொலைவு அதிகம், ஆனாலும் வேலை. அதை அப்பாவிடம் சொன்னபோது, "நெசமா?" என்று கேட்டார். பாப்பாவைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான் நம்பினார். அவருக்கு விசாரிக்க ஓர் ஆள் இருந்தது, எனக்கு இல்லை. அப்பா உண்மையிலேயே வீட்டில்தான் இருக்கிறாரா, நிலம் இருக்கிறதா, இல்லை என்னைத் தேற்றுவதற்காக மறுபடியும் காக்கிச் சட்டையில் நிற்கிறாரா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை வைத்த பிறகு கணவரிடம் கேட்பேன்.

அப்படியே தை, மாசி, பங்குனி, சித்திரை.

போன வாரம்தான் அந்தக் கடிதம் வந்தது. தபாலில் வந்த உங்கள் பொட்டலத்தில் பருப்பு வகை இருந்தது, அதில் தடைசெய்யப்பட்ட பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. பொருள் என்ற இடத்தில் பேனாவால் எழுதியிருந்தார்கள்: மண் கட்டி, ஒன்று, சுமார் ஐந்து மில்லிமீட்டர். நத்தைக் கூடு, இரண்டு. இது மறுபடி நடந்தால் நடவடிக்கை எடுக்கப்படும். கீழே பழைய மூன்று கட்டங்கள்.

நான் வாசலில் நின்றபடியே அதை நாலு தடவை படித்தேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, எங்கள் ஊர் எந்தத் திசை என்றே தெரியாத ஓர் ஆள் சோதித்து, அளந்து, கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொல்லியிருக்கிறார். எங்கள் வயல் எங்களிடம்தான் இருக்கிறது. அதில் நெல் நின்றது, நெல்லுக்குக் கீழே உளுந்து முளைத்தது, பனி பெய்தது.

உளுந்தை அழித்துவிடலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். வேறு ஏதும் சொல்ல விரும்பினால் என்ற இடத்தில், மிக்க நன்றி என்று இங்கிலீஷில் எழுதினேன். நக்கல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அனுப்புகிறதற்கு முன்னால் கடிதத்தை ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். அதுதான் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

பிறகு வீட்டு போனுக்குக் கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார்.

"உளுந்து வந்துச்சாம்மா?"

"இல்லப்பா. புடிச்சுத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"அடப்பாவமே. ஏனாம்?"

"மண்ணு இருந்துச்சாம்."

பின்னால் எந்த மோட்டாரும் ஓடவில்லை, யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மண்ணு இருந்துச்சா?" என்றார் அப்பா மெதுவாக. "எம்மாம் பெருசு?"

"அஞ்சு மில்லிமீட்டர்னு எழுதியிருக்காங்க."

"அளந்தாங்களா?"

"அளந்து எழுதியிருக்காங்கப்பா. ரெண்டு நத்தைக் கூடும் இருந்துச்சாம்."

"ஏ, இங்க வா" என்று அப்பா அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. "நம்ம வயல் மண்ணை அங்க கவர்மென்ட்டுல அளந்து எழுதியிருக்காங்களாம்."

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அம்மா தூரத்திலிருந்தே, கோபமும் அழுகையுமாக, "நாலு தடவை சலிச்சுதானே அனுப்பினேன், இன்னும் எப்படித்தான் சலிக்கிறதாம்?" என்று கத்துவது கேட்டது.

"அப்பா" என்றேன். "அடுத்த தடவை சலிக்கவே வேணாம்னு சொல்லுங்க."